கண்ணாடிக்கு மேல் கண்ணாடி

கே: புது லென்ஸ் வாங்கப் போனேன். கடைக்காரர் யு.வி. ஃபில்டரையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார். டிஜிட்டல் கேமராவுக்கு அது தேவையா?
– கல்லூரி மாணவர், அண்ணாமலை நகர்

ப: புற ஊதாக் கதிர் ஃபிலிமில் பதியும், தூரத்துக் காட்சியில் நீல மூட்டமாக நிற்கும். அதைத் தடுக்க வந்தது யு.வி. ஃபில்டர். உங்கள் கேமராவில் லென்ஸ் கண்ணாடியும் சென்சார் மேலுள்ள கண்ணாடியும் அந்தக் கதிரை ஏற்கெனவே வாசலில் நிறுத்திவிடுகின்றன. ஆக, நீங்கள் வாங்கியது விலை கூடிய ஒரு மூடி.

கே: அப்படியானால் கழற்றி எறிந்துவிடலாமா?
– அதே மாணவர், அடுத்த தபாலில்

ப: கடலூர் சில்வர் பீச்சில் நின்றுகொண்டு எறியாதீர்கள். அங்கேதான் அது உதவும். உப்புத் துளியும் மணலும் ஃபில்டரில் விழும், லென்ஸ் பிழைக்கும்.

இரவில் சிதம்பரத்தின் வீதிகளில் விளக்கு வெளிச்சத்தைப் படமெடுக்கும்போது கழற்றிப் பையில் போடுங்கள். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அது உள்ளே பந்தாடி, ஒரு விளக்கின் உருவத்தைத் தலைகீழாக இன்னொரு மூலையில் கொண்டுபோய் வைக்கும். வீதியில் இல்லாத விளக்கு உங்கள் படத்தில் மட்டும் எரியும்.

கே: கையில் ஒரே ஒரு ஃபில்டருக்குத்தான் காசு. எதை வாங்க?
– ஆசிரியை, மஞ்சக்குப்பம்

ப: டிஜிட்டல் என்றால் பளபளப்பை அடக்கும் போலரைசர். கறுப்பு-வெள்ளை ஃபிலிம் என்றால் மஞ்சள். மூன்றாவது பதில் கிடையாது.

கே: எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் காலம் இது. போலரைசர் வேலையையும் அங்கேயே முடிக்கலாமே?
– ஆல்பம் வடிவமைப்பவர், நெல்லிக்குப்பம்

ப: நிறத்தை மாற்றலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம், வானத்தைக் கருக்கலாம். இலை மேல் விழுந்த பளபளப்பு பச்சையை மறைத்துவிட்டது என்றால், பதியாத பச்சையை எங்கிருந்து எடுப்பீர்கள்? வரைய வேண்டியதுதான். வரைவதற்குத் தனி வாத்தியார் உண்டு, அவரிடம் போங்கள்.

ஃபில்டர் எதையும் சேர்க்காது. கழிக்க மட்டுமே செய்யும். பிறகு கழிக்க முடியாதது எது என்று பாருங்கள், அதற்கு மட்டும் காசு கொடுங்கள். கண்கூசும் பளபளப்பு ஒன்று. ஓடுகிற நேரம் இன்னொன்று. போலரைசரும், ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரும் இன்றைக்கும் உயிரோடு இருப்பது இதனால்தான்.

கே: பிச்சாவரத்தில் போலரைசர் போட்டு எடுத்தேன். அத்தனை படமும் ஆட்டம்!
– விடுமுறைப் படக்காரர், கிள்ளை

ப: போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளியில் பாதி. படகு சுரபுன்னை வேர்களுக்கிடையே நுழைந்ததும் நிழல் இன்னும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தைத் துடுப்பு பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ. 200 இருந்தால் 800 ஆக்குங்கள்.

ஆனால் ஃபில்டரைக் கழற்றாதீர்கள். அலையாத்தி இலைகள் மெழுகு பூசியவை; வானம் முழுவதும் அவற்றில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். வளையத்தைத் திருகத் திருக அந்த வெள்ளை இறங்கிப் பச்சை எழும். அதைக் கண்ணால் பார்ப்பதே ஒரு சுகம்.

தண்ணீரில் இன்னும் வேடிக்கை. நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்த்துத் திருகினால் மேற்பரப்பின் பளபளப்பு அநேகமாக முழுக்கப் போய்விடும். நீர் கலங்காத நாளில் வேர் உள்ளே எங்கே போகிறது என்று தெரியும். கடைசிவரை திருகிவிடாதீர்கள். மினுக்கம் அடியோடு போன நீர், நீர் போலவே இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. அங்கே தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. கிளையை ஒதுக்கிய கையால் கண்ணைத் துடைத்துவிட்டு வ்யூஃபைண்டரைத் தேடாதீர்கள்.

கே: 'இதயக்கனி' படப்பிடிப்பு பிச்சாவரத்தில் நடந்த காலத்துக்காரர் என் அப்பா. அந்தக் கால சினிமா கேமரா முன்னால் ஆரஞ்சுக் கண்ணாடி இருக்கும் என்கிறார். வெயிலுக்குக் குளிர்ச்சியா?
– வாசகி, பரங்கிப்பேட்டை

ப: அப்பா சொல்வது சரி, நீங்கள் சொல்வதுதான் தவறு. அக்கால வண்ண சினிமா நெகட்டிவ் பெரும்பாலும் ஸ்டுடியோவின் டங்ஸ்டன் விளக்குக்காகச் சமன் செய்யப்பட்டது. அதை வெயிலில் ஓட்டினால் நாயகன் முதல் நண்டு வரை நீலம் பாரிக்கும். 85 என்ற எண் கொண்ட ஆரஞ்சு ஃபில்டர் அந்த நீலத்தைக் கழிக்கும். விலை, சுமார் மூன்றில் இரண்டு ஸ்டாப் ஒளி. இன்று அதே வேலைக்கு வொயிட் பேலன்ஸ் என்று ஒரு பொத்தான்.

கே: சிதம்பரம் பொற்கூரை வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. போலரைசர் அடக்குமா?
– வாசகர், கீழவீதி, சிதம்பரம்

ப: சந்நிதிப் பக்கம் கேமராவுக்கு அனுமதி இல்லை. அதை முதலில் மதிப்போம். அனுமதி இருந்தாலும் அடக்காது.

நீர், இலை, கண்ணாடி, மெருகிட்ட கல் இவற்றில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும். போலரைசர் அதைப் பிடித்து வெளியே தள்ளும். உலோகம் ஒளியை அப்படித் திசை பிரிப்பதில்லை. கூரையில் 21,600 பொன்னோடு, மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு என்பது மரபு. மின்னத்தானே வேய்ந்தார்கள்? மின்னட்டும்.

கே: துறைமுகத்தில் மீன் ஏலத்தைப் படமெடுக்கிறேன். ஈரத் தார்ப்பாயின் பளபளப்பு போலரைசரில் போகிறது. கூடையிலுள்ள மத்தியின் பளபளப்பு போகவில்லை. ஃபில்டர் போலியா?
– வாசகர், கடலூர் முதுநகர்

ப: ஃபில்டர் அசல். உங்கள் கண்ணும் அசல். மத்தி, ஹெர்ரிங் போன்ற வெள்ளி மீன்களின் தோலை பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2012-ல் எழுதினார்கள். தோலில் இரண்டு வகை குவானின் படிகங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று விட்டதை மற்றது பிடித்து, எந்தக் கோணத்திலும் திசை பிரியாமல் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. கடலுக்குள் பெரிய மீனின் கண்ணில் படாமல் தப்பிக்க அந்தச் சட்டை.

சுறாவுக்கே தப்பிய மீன் உங்கள் வளையத்துக்கா மசியும்!

கே: சில்வர் பீச்சில் சூரியோதயம். எவ்வளவு திருகியும் வானம் கருக்கவே இல்லை.
– அதிகாலை நடையர், தேவனாம்பட்டினம்

ப: சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு இரவு வரை திருகினாலும் கருக்காது. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியுள்ள வானம்தான் போலரைசருக்குக் கட்டுப்படும். விடியலில் அது வடக்கே புதுச்சேரிப் பக்கமும் தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கமும்.

ஆட்காட்டி விரலைச் சூரியனுக்கு நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் கருக்கும் வானம். அகலக் கோண லென்ஸ் வேண்டாம். வானத்தின் ஒரு பாதி கருநீலம், மறு பாதி வெளிர்நீலம் என்று ஒட்டுப்போட்ட மாதிரி வரும்.

கே: வட்ட போலரைசர், நேர் போலரைசர் என்கிறார்களே. இரண்டும் வட்டமாகத்தானே இருக்கின்றன?
– பாலிடெக்னிக் மாணவி, கடலூர்

ப: வட்டம் சட்டத்தில் இல்லை, வெளியே வரும் ஒளியில். எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி உண்டு. நேர் போலரைசர் போட்டால் அதன் ஒளிக்கணக்கும் ஆட்டோ ஃபோகஸும் குழம்பும். பழைய மீட்டரில்லாக் கேமராவுக்கு நேர் வகையே போதும், விலையும் குறைவு.

கே: கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால் கேமராத் திரை கறுப்பாகிறது. ரிப்பேரா?
– புது மாப்பிள்ளை, சிதம்பரம்

ப: உங்கள் கூலிங் கிளாஸே போலரைசர். கழற்றுங்கள், கேமரா குணமாகும்.

கே: என்.டி. ஃபில்டரால் அலையைப் பஞ்சு மாதிரி எடுக்கிறார்களே. கணக்கு என்ன?
– வங்கி ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்

ப: 10 ஸ்டாப் என்.டி. ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். 1/125 நொடி போதுமென்று மீட்டர் சொன்ன இடத்தில் 8 நொடி திறந்து வைக்கலாம். ஃபிலிமில் அந்த 8 போதாது. நெடுநேர வெளிச்சத்தில் ஃபிலிமின் வேகம் மந்தமாகும். எவ்வளவு கூட்டுவது என்று அந்தந்த ஃபிலிமின் அட்டவணை சொல்லும்.

கணக்கு இது. என் கட்சி வேறு. 2004 டிசம்பர் 26-ன் சுனாமியைப் பார்த்த கரை இது. இந்தக் கடலைப் பஞ்சு மெத்தையாகக் காட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அரை நொடி வையுங்கள். அலை இழுபடும், அலையாகவும் இருக்கும்.

கே: பாதி கருமை, பாதி தெளிவு என்று ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறேன். கடலில் அழகாக வருகிறது, சிதம்பரம் கோபுரத்தில் சொதப்புகிறது.
– வாசகர், புவனகிரி

ப: கடலுக்கு அடிவானம் நேர்கோடு. கோபுரம் அந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டு மேலே போகிறது. கருப்புப் பாதி வானத்தோடு கலசத்தையும் சேர்த்து இருட்டடிக்கும். கோபுரத்துக்கு இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இணையுங்கள். கோபுரம் அசையாது, அலைதான் இரண்டாவது படத்துக்குள் இடம் மாறும்.

கே: நடுப்பகலில் கடற்கரையில் கல்யாண வீடியோ. பின்னணியை மங்கலாக்க அபெர்ச்சரைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. ஷட்டரை ஏற்றினால் நடை வெட்டி வெட்டி வருகிறது.
– வீடியோக்காரர், குறிஞ்சிப்பாடி

ப: 25 ஃபிரேமுக்கு 1/50 நொடி என்பதை விடாதீர்கள். 6 ஸ்டாப் என்.டி. போடுங்கள். அதைவிட நல்ல வழி, மணமக்களை நாலரை மணிக்கு வரச் சொல்வது. பட்டுப்புடவைக்கும் நிம்மதி.

கே: கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அடுக்குகிறார்கள். என்ன பேதம்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காட்டுமன்னார்கோயில்

ப: ஒவ்வொன்றும் தன் நிறத்தை விடும், எதிர் நிறத்தைத் தடுக்கும். மஞ்சள் வானத்தை இயல்பாகக் காட்டும், செலவு 1 ஸ்டாப். ஆரஞ்சு வானத்தை அழுத்திக் காட்டும், 2 ஸ்டாப். சிவப்பு வானத்தைக் கருக்கி மேகத்தை வெடிக்கவைக்கும், 3 ஸ்டாப்.

லென்ஸ் வழியே அளக்கும் மீட்டர் இருந்தால் கேமராவே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். கைமீட்டர் என்றால் நீங்கள் பார்க்க வேண்டும். மறந்தால் நெகட்டிவ் வெளுத்துப்போகும்.

கே: சிவப்பு ஃபில்டர் போட்டு மனைவியைப் படமெடுத்தேன். நெற்றியில் பொட்டைக் காணோம். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.
– வாசகர், பண்ருட்டி

ப: குங்குமம் சிவப்பு. சிவப்பு ஃபில்டர் அதை வெளிர்க்கும், சருமத்தோடு கரைத்துவிடும். உதடும் வெளிறும். பச்சை ஃபில்டர் போட்டு மறுபடி எடுங்கள். பொட்டு பளிச்சென்று கறுத்து நிற்கும். பிரிண்டை முதலில் மாமியார் கையில் கொடுங்கள்.

கே: டிஜிட்டலில் கறுப்பு-வெள்ளை எடுக்கவும் சிவப்புக் கண்ணாடி மாட்டலாமா?
– அதே பண்ருட்டிக்காரர், துணிச்சலாக

ப: வேண்டாம். உங்கள் சென்சாரின் ஒவ்வொரு புள்ளி மேலும் ஏற்கெனவே குட்டி ஃபில்டர் உட்கார்ந்திருக்கிறது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அடுக்கு அது: நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். முன்னால் சிவப்பு மாட்டினால் நான்கில் ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்யும். 24 மெகாபிக்ஸல் வாங்கி 6-ஐ வைத்துப் பிழைப்பானேன்? வண்ணத்தில் எடுத்து, பிறகு கறுப்பு-வெள்ளையாக்கும்போது நீலத்தைக் குறையுங்கள்.

2012-ல் வந்த லெய்க்கா எம் மோனோகுரோமில் அந்தக் குட்டி ஃபில்டர்களே இல்லை. அந்த மாதிரிக் கேமராவுக்கு மட்டும் மஞ்சள், சிவப்புக் கண்ணாடி பழையபடி தேவை.

கே: பழங்காலக் கோயில் புகைப்படங்களில் வானம் ஏன் வெள்ளைத் தாளாக இருக்கிறது? அப்போது மேகமே இல்லையா?
– வரலாற்று மாணவி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம்

ப: மேகம் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அக்கால நெகட்டிவ்களுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே தெரியும். நீல வானம் வெந்து வெள்ளையாகும், மேகம் அதில் மறையும். மஞ்சள் ஃபில்டர் போட்டுப் பயனில்லை. நீலத்தைத் தடுத்தால் மிஞ்சுவதைப் பதிய அந்த நெகட்டிவால் ஆகாது.

மதராஸ் மாகாணத்துக்காக 1858-ல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தன் காகித நெகட்டிவ்களின் மேலேயே வர்ணம் பூசி மேகம் உண்டாக்கினார். 1873-ல் ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோகல் சாயம் கலந்து பச்சையையும் பதியவைத்தார். பிறகு சிவப்பும் வந்தது. ஃபில்டருக்கு வேலை கிடைத்தது அதற்கப்புறம்தான்.

கே: உதகையில் ஃபிலிம் செய்தார்களாமே, நிஜமா?
– பள்ளி மாணவன், சேத்தியாத்தோப்பு

ப: நிஜம், தம்பி. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல் நிறுவிய அரசு நிறுவனம். அதன் 'இந்து' கறுப்பு-வெள்ளைச் சுருள் இல்லாத ஸ்டுடியோ அப்போது தமிழ்நாட்டில் அரிது. இன்று ஆலை இல்லை. உன் தெருவிலுள்ள பழைய ஸ்டுடியோவில் நெகட்டிவ் பெட்டிகள் இருந்தால், எடைக்குப் போவதற்குள் அந்தப் பெரியவரிடம் பேசு.

கே: தாத்தாவின் யாஷிகா மேட் கேமராவில் போலரைசர் போட்டால் மேல் கண்ணாடியில் மாற்றமே தெரியவில்லையே?
– வாசகர், விருத்தாசலம்

ப: அதற்கு இரண்டு கண். பார்ப்பது மேல் கண், எடுப்பது கீழ்க் கண். ஃபில்டரை முதலில் மேல் லென்ஸ் முன்னால் பிடித்துத் திருகி, எந்த நிலையில் பிடிக்கிறதோ அந்த இடத்தை வளையத்தின் குறியில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நிலையில் கீழ் லென்ஸில் மாட்டுங்கள். இரண்டு ஸ்டாப் கூட்ட மறக்காதீர்கள். தாத்தா மறந்திருக்க மாட்டார்.

கே: எங்கள் கல்யாண ஆல்பத்தில் குடும்பமே பச்சையாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் நான் ஐந்து பேராக வட்டமாக நிற்கிறேன்.
– 1991-ல் மணமான வாசகி, நெய்வேலி

ப: பச்சை, டியூப் லைட் கொடுத்தது. எஃப்.எல்.டி. என்ற இளஞ்சிவப்பு ஃபில்டர் அதைக் கழித்திருக்கும். ஐந்து பேர், பட்டைதீட்டிய மல்டி இமேஜ் ஃபில்டர் கொடுத்தது. படக்காரரைத் திட்டாதீர்கள். அன்று ஊரே அதைக் கேட்டு வாங்கியது. ஸ்கேன் செய்தால் பச்சை போய்விடும். ஐவரில் நால்வரை நீக்க வேண்டாம், அது சரித்திரம்.

கே: மார்கழிப் பனியைத் துளைக்கும் ஃபில்டர் எது?
– வாசகர், திருவதிகை

ப: இல்லை. தூரத்து நீல மூட்டம் காற்று மூலக்கூறுகளின் வேலை. சிவப்பு ஃபில்டர் அதை வெட்டும். பனியின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். எட்டு மணிக்கு வெயில் வரும், அதுவே ஃபில்டர்.

கே: அகச்சிவப்பு ஃபில்டரில் மரமெல்லாம் வெள்ளையாகிறதாமே?
– தாவரவியல் ஆசிரியர், சிதம்பரம்

ப: ஆகும். இலை அகச்சிவப்பை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். 1910-ல் அப்படிப் படங்களை எடுத்துக்காட்டிய ராபர்ட் வுட் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். பிச்சாவரத்தில் எடுத்தால் கடலூர் மாவட்டத்தில் பனி பெய்தது போலிருக்கும். உங்கள் டிஜிட்டல் கேமரா அகச்சிவப்பைத் தடுக்கும்படி செய்யப்பட்டது என்பதால் முக்காலி போட்டுப் பல நொடிகள் காத்திருக்க வேண்டும்.

கே: யு.வி., அதன் மேல் போலரைசர், அதன் மேல் என்.டி. போடுகிறேன். படத்தின் நான்கு மூலையும் கறுக்கிறது.
– வாசகர், வடலூர்

ப: உங்கள் ஊரில் 1872-ல் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் ஒவ்வொன்றாக விலக்கித்தான் ஜோதி காட்டுகிறார்கள். நீங்கள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போகிறீர்கள்!

கே: ஃபில்டர் இறுகிவிட்டது. குறடு போடலாமா?
– வாசகர், கடலூர்

ப: கூடாது. இறுக்கிப் பிடித்தால் வட்டம் நசுங்கி இன்னும் கவ்வும். அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றிலும் மாட்டி, எல்லா விரலாலும் மென்மையாகத் திருகுங்கள்.

கே: வேட்டி நுனியால் துடைக்கலாமா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

ப: கடற்கரை ஊரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதுங்கள். பிறகு நல்ல நீரில் நனைத்த மெல்லிய துணி. வேட்டி இடுப்பில் இருக்கட்டும்.

கே: கிரகணத்தை எடுக்க என்.டி. 1000 போதுமா? வீட்டில் பழைய எக்ஸ்-ரே படலமும் இருக்கிறது.
– பிளஸ் டூ மாணவர், கடலூர் முதுநகர்

ப: இரண்டும் வேண்டாம். சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர் ஒளியைச் சுமார் லட்சத்தில் ஒரு பங்காக்கும், என்.டி. 1000 ஆயிரத்தில் ஒன்றோடு நின்றுவிடும், அகச்சிவப்பையும் பெரும்பாலும் உள்ளே விடும். எக்ஸ்-ரே படலத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெந்த விழித்திரை வலிக்காது, அதனால் வெந்தது தெரியாது. பார்வை திரும்பாமலும் போகலாம்.

சூரிய ஃபில்டரை லென்ஸின் முன்னால் மாட்டுங்கள், கண் வைக்கும் பக்கத்தில் அல்ல. 2031 மே 21 அன்று கங்கண கிரகணம் தென் தமிழ்நாட்டின் வழியே போகிறது. அதற்குள் ஒன்று வாங்கி வையுங்கள்.